கணக்கெடுத்தவரின் நிய்யத்: பேராசிரியர் ஹஸ்புல்லாஹ்வை மீண்டும் வாசித்தல்

தமிழ் - முஸ்லிம் உறவைப் பற்றி நம்மவர்கள் எழுத உட்கார்ந்தால் மூன்றாம் வரிக்குள் பிட்டு வந்துவிடும். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம் என்பார்கள். மேடையில் சொல்வார்கள், ஞாபகார்த்த மலரில் எழுதுவார்கள், நல்லிணக்கக் கருத்தரங்குகளில் கட்டாயம் சொல்வார்கள். நானும் எழுதியிருக்கிறேன், பொய் சொல்வானேன். ஆனால் பிட்டு அவிக்கிறவர்களுக்குத் தெரியும்: குழலுக்குள் மாவும் தேங்காய்ப்பூவும் அடுக்கடுக்காகத்தான் கிடக்கின்றன. பின்னாலிருந்து தடியால் தள்ளினால் இரண்டும் சேர்ந்தே வெளியே வரும். 1990 ஒக்டோபரில் வடக்கில் தள்ளிய தடிக்கு மட்டும், தேங்காய்ப்பூவைத் தனியாகத் தள்ளிவிடும் வித்தை தெரிந்திருந்தது.

இந்த உவமை ஒரு தரம்கூடத் தலைகாட்டாத எழுத்து ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்த பேராசிரியர் ஷாஹுல் ஹமீத் ஹஸ்புல்லாஹ்வின் எழுத்து அது. 2018 ஓகஸ்ட் 25ஆம் திகதி அவர் வஃபாத்தானார். மௌத்து அவரைத் தேடி வந்த இடம் யாழ்ப்பாணம். முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் துரத்திய நகரத்தில், அந்த நகரத்து மக்களோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவர் உயிர் பிரிந்தது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி நிறைய இரங்கல் எழுதப்பட்டது. நல்ல மனிதர், சமாதான விரும்பி, சமூகத் தொண்டர் என்றெல்லாம் எழுதினோம். எழுத்தை யாரும் எழுத்தாக எடுத்து வாசித்ததாகத் தெரியவில்லை. ஆளைப் புகழ்ந்துவிட்டு நூலை அலுமாரியில் வைத்துப் பூட்டுவது நமக்குப் பழகிய காரியம்.

அவருடைய நூல்களில் முதலில் கையில் எடுக்கவேண்டியது 2001இல் ஆங்கிலத்தில் வந்த ‘முஸ்லிம் அகதிகள்: இலங்கை இன மோதலில் மறக்கப்பட்ட மக்கள்’. வாசிப்பதற்குச் சுகமான நூல் அல்ல. வடக்கிலிருந்து விரட்டப்பட்ட ஏறத்தாழ 75,000 பேர் யார், எந்த ஊர், என்ன தொழில் செய்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று குடும்ப மட்டத்தில் கேட்டுச் சேர்த்த ஆய்வு. ஒப்பாரியோ, எதிரியைத் திட்டும் வசனங்களோ கிடையாது. முதல் தடவை பல்கலைக்கழக நூலகத்தில் புரட்டியபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. எங்கள் கண்ணீரை இந்த மனிதர் அட்டவணையாக்கிவிட்டாரே என்று.

அந்தக் கோபத்தோடு ஒரு பழைய காட்சியும் சேர்ந்தே வந்தது. புத்தளத்தில் கிடுகுக் குடிசையில் இருந்த நாட்களில் ஒரு தம்பி படிவத்தோடு வந்தார். எந்த அமைப்பு, யாருக்கான கணக்கெடுப்பு என்பதெல்லாம் சின்னப் பிள்ளையான எனக்குத் தெரியாது. உம்மாவிடம் இழந்தவற்றைக் கேட்டு எழுதினார். வீடு, காணி, நகை, ஆடு, தையல் மெசின் என்று வந்துகொண்டிருந்தது. “கிணத்தையும் எழுதுங்க தம்பி” என்றார் உம்மா. “கிணறு காணிக்குள்ள வருது தாயே, தனியா எழுதத் தேவையில்ல.” “இல்ல, எழுதுங்க. தீவில நல்ல தண்ணிக் கிணறு எல்லா வளவிலயும் இல்ல.” தம்பி தலையைச் சொறிந்துவிட்டு ஓரத்தில் எழுதினார். அந்த ஓரக் குறிப்பு எந்த அட்டவணைக்கும் போயிருக்காது. ஆனால் உம்மாவின் முகத்தில் அன்று ஒரு தெளிவு வந்தது. நாங்கள் சொல்வதை ஒருவர் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். படகில் ஏற்றப்பட்டுக் கல்பிட்டிக் கரையில் இறக்கப்பட்டதிலிருந்து எங்களுக்குச் சோறு தந்தார்கள், சாறன் தந்தார்கள், துஆ கேட்டார்கள். உங்களிடம் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஹஸ்புல்லாஹ்வின் அட்டவணைகளை எப்படி வாசிப்பது என்பதை நூலகத்தைவிட அந்தக் குடிசை வாசல்தான் எனக்குப் படிப்பித்தது. அவர் எண்ணியது எதற்காக? நட்டஈடு வாங்கவா? அதுவும் தேவைதான். ஆனால் அட்டவணையின் அடியில் வேறொன்று ஓடுகிறது. நடந்தது நடந்ததென்று இரு தரப்பும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரு தாளை அவர் தயாரிக்கிறார். கண்ணீரைத் தமிழ் வாசகர் ஒருவர் “எங்களுக்கும் அழுகை இருக்குது” என்று தட்டிக்கழிக்கலாம். இந்த ஊரில் இத்தனை வீடு இருந்தது, இன்று இல்லை என்பதைத் தட்டிக்கழிக்க இயலாது. சமாதானத்துக்கு வருகிறவர் கையில் பூவோடு வருவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இவர் கொப்பியோடு வந்தார்.

இந்தக் கொப்பியின் அருமை 2002இல் தெரிந்தது. அந்த ஏப்ரல் மாதம் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் வெளியேற்றம் பற்றிக் கேட்கப்பட்டது. அன்ரன் பாலசிங்கம் மன்னிப்புக் கோரும் தொனியில் பேசினார். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 13இல், பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் உடன்படிக்கை ஒன்றில் ஒப்பமிட்டார்கள். நம் பள்ளிவாசல்களில் அன்று சந்தோஷம். மறப்போம் மன்னிப்போம் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் எதை மறப்பது? எவ்வளவை மன்னிப்பது? மன்னிப்புக் கேட்டவரிடமும் பட்டியல் இல்லை, கொடுத்தவரிடமும் இல்லை. பட்டியல் ஒரு வருடத்துக்கு முன்னரே அச்சாகியிருந்தது. மேசையில் அதை எடுத்து வைக்க ஆளில்லாமல் போனது.

யுத்தம் முடிந்த பிறகு வந்தது இன்னொரு கொடுமை. 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் ‘புதிய அகதிகள்’, அதற்கு முந்தியவர்கள் ‘பழைய அகதிகள்’ என்று நிர்வாகம் பிரித்தது. உதவியும் கவனமும் பெரும்பாலும் புதியவர்களுக்கு. அவர்கள் பட்டதையும் நாம் குறைத்துப் பேசக்கூடாது, அது பெரும் நாசம். ஆனால் அகதிக்குப் பழையது புதியது என்று முத்திரை குத்தினால், அதிக காலம் காத்திருந்தவனே வரிசையின் பின்னால் போகிறான். மீளத் திரும்பும் உரிமையை மறுப்பதும் வெளியேற்றத்தின் தொடர்ச்சியே என்று ஹஸ்புல்லாஹ் பிற்காலத்தில் அழுத்தி எழுதியதற்கு இதுதான் பின்னணி. முசலிப் பக்கத்தில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்கள் காடு மண்டிய தங்கள் நிலத்துக்குத் திரும்பியபோது, வில்பத்துவை அழிக்கிறார்கள் என்று தெற்கில் கூச்சல் எழுந்தது. அங்கேயும் அவர் புவியியல்காரராகத்தான் நின்றார். கோபப்படுவதற்கு முதல் வரைபடத்தை விரித்தார்.

இனி என் முறைப்பாடுகள். இவற்றைச் சொல்லாமல் விட்டால் இதுவும் இன்னொரு இரங்கற் கட்டுரையாகிவிடும்.

குடும்பத்தை அளவாகக் கொண்ட ஆய்வில் குடும்பத்துக்குள் நடந்தது தெரியாது. வாப்பா இழந்த கடையும் உம்மா இழந்த கிணறும் ஒரே கூட்டுத்தொகையில் விழுகின்றன. 2011இல் சட்ட மற்றும் சமூக நம்பிக்கை நிதியம் வெளியிட்ட பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை இந்தக் குறையை ஓரளவு நிரப்புகிறது. வெளியேற்றப்பட்டவர்களைத் தேடிப்போய் வாக்குமூலம் கேட்ட ஆணைக்குழு அது. அந்த அறிக்கையையும் ஹஸ்புல்லாஹ்வின் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கவேண்டும். ஒன்றில் தொகை, மற்றதில் குரல். ஒன்றை மட்டும் வாசித்தவர் பாதிதான் வாசித்தவர்.

இன்னொன்று, காலம். அட்டவணை 1990இல் நின்றுவிடுகிறது. மனிதர்கள் நிற்பதில்லை. ஷாரிகா திராணகம 2011இல் வெளியிட்ட ‘என் தாயின் வீட்டில்’ என்ற ஆங்கில நூல் இதைத்தான் கேட்கிறது. ‘வடக்கு முஸ்லிம்’ என்ற அடையாளமே வெளியேற்றத்துக்குப் பிறகு, புத்தளத்தில் உருவானது என்கிறார். மூத்தவர்களுக்கு ஊர் என்றால் விட்டுவந்த ஊர். புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு அது கதை. உண்மைதான். நாகவில்லுவில் பிறந்த என் மருமகனிடம் எருக்கலம்பிட்டி எப்படி என்று கேட்டால், “வெக்கை, மாமா” என்கிறான். இந்த நூலை எழுதியவர் யார் என்பதும் கவனிக்கவேண்டியது. 1989 செப்டம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட மருத்துவ விரிவுரையாளர் ரஜனி திராணகமவின் மகள். தன் தமிழ்த் தாயைப் பறிகொடுத்த ஒரு பெண், புத்தளத்து முகாம்களில் வந்து உட்கார்ந்து, உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார். உள்ளிருந்து வரும் அழைப்பு என்று நாம் பேசுகிறோமே, அதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நம் சமூகத்திலிருந்து ஒருவர் வன்னிக்குப் போய், முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த தமிழ்த் தாயிடம் அதே கேள்வியைக் கேட்டு ஒரு நூல் எழுதியிருக்கிறாரா? இருந்தால் யாராவது எனக்கு அனுப்பிவைக்கட்டும், வெட்கத்தோடு வாசிப்பேன்.

மிகக் கடினமான கேள்வியை மன்னாரே கேட்டது. உப்புக்குளம் முஸ்லிம் மீனவர்கள் 1990க்கு முன் தொழில் செய்த கோந்தைப்பிட்டித் துறையில், யுத்தத்தால் விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தமிழ் மீனவர்கள் வள்ளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் திரும்பி வந்து எங்கள் துறை என்றார்கள். அவர்கள், நாங்கள் எங்கே போவது என்றார்கள். 2012 ஜூலை 18இல் அது ஆர்ப்பாட்டமாகி, மன்னார் நீதிமன்றத்துக்குக் கல்லெறியும் அளவுக்குப் போனது. திரும்பும் உரிமை என்ற ஒரே தராசால் இதை நிறுக்க முடியாது. இரண்டு தட்டிலும் அகதி இருக்கிறான். ‘முஸ்லிம் அகதிகள்’ நூலை வைத்துக்கொண்டு கோந்தைப்பிட்டியில் நின்றால் அது பாதி வழிதான் கூட வரும்.

இதை ஹஸ்புல்லாஹ் உணர்ந்திருந்தார் என்றே அவருடைய பிந்திய எழுத்து எனக்குச் சொல்கிறது. கிழக்கு மாகாணத்தை வைத்து பெனடிக்ட் கோர்ஃபுடன் சேர்ந்து எழுதிய ஆய்வுகள் முதல் நூலிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டவை. 2009இல் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே சுனாமிக்குப் பிந்திய ‘தூய்மையாக்கலின் அரசியல்’ இருக்கிறது. இது எங்கள் நிலம், இதில் நாங்கள் மட்டும் என்ற ஆசையை அவர் விசாரிக்கிறார். அந்த ஆசை புலிகளுக்கு மட்டும் சொந்தமானதாக இருக்கவில்லை. நம் வீட்டுத் திண்ணையிலும் அது உட்கார்ந்திருக்கிறது. 2013 கட்டுரையில் சமூகம் என்பதற்குள்ளேயே இருக்கும் முரண்களைக் கிளறுகிறார். தன் மக்களின் இழப்பை எண்ணியவர், எண்ணி முடித்த பிறகு தன் மக்களையும் கேள்வி கேட்டார். நமது ஆய்வாளர்களில் பலருக்கு இந்த இரண்டாம் அடி வருவதில்லை. முதல் அடியிலேயே பொன்னாடை போர்த்திவிடுகிறோம்.

இவ்விடத்தில் இன்னொரு மன்னார்க் கணக்கைச் சொல்லவேண்டும். 1992 முதல் 2016 வரை மன்னார் மறைமாவட்ட ஆயராக இருந்தவர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுவின் முன் அவர் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகளின் பதிவுப்படி வன்னியில் இருந்தோர் 429,059 பேர். 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380 பேர். மிச்சம் 146,679 பேர் எங்கே?

ஒரே தீவு. ஒருவர் பேராசிரியர், மற்றவர் ஆயர். இருவரும் சமாதானத்துக்காகத் தேர்ந்த வழி எண்ணுவது. மன்னார் நடுவில் நின்று பார்த்தால் இது தற்செயலாகப் படவில்லை. பேச்சை யாரும் நம்பாத இடத்தில் கணக்குத்தான் கொஞ்சம் நிற்கும். ஆனால் ஹஸ்புல்லாஹ்வின் அட்டவணையை முஸ்லிம்கள் மேற்கோள் காட்டுகிறோம், ஆயரின் கழித்தலைத் தமிழர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். உப்புக்குளக் கசப்புக்குப் பிறகு ஆயரின் பெயரைச் சொன்னாலே நம் பக்கம் சிலருக்கு முகம் சுளிக்கிறது. அந்த 146,679 என்ற எண்ணை நம் குத்பா ஒன்றிலாவது கேட்டிருக்கிறோமா? 75,000 என்ற எண் பங்குக் கோவில் பிரசங்கத்தில் சொல்லப்பட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோமே, அதே நியாயம்தான்.

‘அழைப்பு’ என்பது கத்தோலிக்க அயலவர்கள் குருத்துவத்துக்குப் பயன்படுத்தும் சொல். நம்மிடம் அதற்கு அருகில் நிற்பது நிய்யத். அழைப்பு வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், நிய்யத்தைச் சொல்லிக்காட்ட முடியாது, அமலில்தான் தெரியும். இதனால்தான் ஹஸ்புல்லாஹ்வை வாசிக்கும்போது எனக்கு ஹுதைபிய்யா ஞாபகம் வருகிறது. ஹிஜ்ரி 6இல், சொந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டவர்கள் அந்த ஊருக்கு உம்றாவுக்குத் திரும்பப் புறப்பட்ட பயணம் அது. முடிந்தது ஓர் எழுத்து ஒப்பந்தத்தில். சுஹைல் ஆட்சேபித்ததும் ‘அல்லாஹ்வின் தூதர்’ என்ற சொற்கள் அழிக்கப்பட்டன. உமர் (ரலி) அவர்களுக்கே அது பொறுக்கவில்லை. மை காயுமுன் விலங்கோடு ஓடிவந்த அபூ ஜந்தலைத் திருப்பி அனுப்பவேண்டி வந்தது. நம் மிம்பர்களில் ஹுதைபிய்யாவை வெற்றிக் கதையாகச் சொல்கிறோம், அபூ ஜந்தலின் விலங்குச் சத்தத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். சமாதானம் அவ்வளவு வலித்தது, ஆனாலும் எழுதப்பட்டது, ஷரத்து ஷரத்தாக. பிட்டு உவமைக்கு அந்த ஒப்பந்தத்தில் இடம் இருந்திருக்காது.

கடைசி முறைப்பாடு மொழி பற்றியது. ஹஸ்புல்லாஹ்வின் முக்கிய நூல்களும் கட்டுரைகளும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. திராணகமவின் நூலும் அப்படியே. கொழும்பும் ஜெனீவாவும் வாசிக்கவேண்டும் என்ற நியாயம் புரிகிறது. ஆனால் அந்தக் கணக்கு முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் பேசாலையும் பள்ளிமுனையும் விடத்தல்தீவும். அங்குள்ளவர்கள் வாசிப்பது தமிழ். எருக்கலம்பிட்டியில் வாசிப்பதும் தமிழ். இரண்டு சமூகமும் ஒரே மொழியில் சண்டை பிடித்தோம், சமாதானத்தை மட்டும் மூன்றாம் மொழியில் எழுதி வைத்திருக்கிறோம். முதல் நூலையும் அந்த இரண்டு கட்டுரைகளையும் தமிழில் ஒரே தொகுதியாகக் கொண்டுவருவது இத்தகைய இதழ்களின் வாசகர் வட்டத்தால் முடியாத காரியமல்ல. பின்னிணைப்பாக ஆயரின் சமர்ப்பணத்தையும் சேர்க்கச் சொன்னால் சிலர் என்னோடு கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

உம்மா 2010இல் முதன்முறை ஊருக்குப் போனபோது நானும் கூடப் போனேன். வீட்டின் சுவர் இடுப்பளவு நின்றது. கிணற்றுக்குள் பற்றை. செய்தி கேட்டு, பழைய அயலவரான வேதக்கார அக்கா ஒருவர் வந்தார். நாங்கள் தெற்கே கல்பிட்டிக்குப் போக, அவர்கள் யுத்தத்துக்குப் பயந்து மேற்கே மண்டபம் முகாமுக்குப் படகேறியவர்கள், சில வருடத்தில் திரும்பியவர்கள். கையில் எங்கள் உலக்கை இருந்தது. மணலுக்குள் கிடந்ததாம், எடுத்து வைத்திருந்தாராம். பூண் துருப்பிடித்திருந்தது.

இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் நினைத்தேன். உம்மா உலக்கையை வாங்கி, சுவரில் சார்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்: “மெசின் எங்க?”

அக்கா பேசவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, “கன பேர் வந்து போனவை” என்றார்.

“யார் யாரெண்டு தெரியுமா?”

“சிலரைத் தெரியும்.”

உம்மா தலையாட்டினார். போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தார். அக்கா குடித்துவிட்டுத்தான் போனார். அடுத்த நாள் காலையில் கத்தியோடும் மகனோடும் வந்து, கிணற்றுப் பற்றையை வெட்டத் தொடங்கினார். அன்று பின்னேரம், வெட்டிய பற்றையின் மேல் உட்கார்ந்துகொண்டு, உம்மா கேட்காமலே முதல் பெயரைச் சொன்னார்.